எண் இருக்கும்போது பெயர் எதற்கு?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 10

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு நேற்று வந்துவிட்டது. பெயர் ‘ட்ரிக்ஸி’யாம். போன பதிப்பு ‘புக்வார்ம்’. அதற்கு முந்தையது என்ன என்று யாராவது கேட்டால் தேடிப் பார்த்துத்தான் சொல்வேன். 11, 12, 13 என்று எண் ஒழுங்காகப் போகும்போது பொம்மைப் பெயர் எதற்கு அண்ணா? எண்ணே போதும், பெயரெல்லாம் வெறும் விளையாட்டு என்பது என் கட்சி.

ஆகஸ்ட் 10, இரவு

முந்தையது புல்ஸ்ஐ.

விளையாட்டு இல்லை தம்பி. எண்ணால் ஒரு முறை சூடு பட்ட பிறகுதான் டெபியனில் பெயர் வைக்கும் வழக்கமே வேரூன்றியது. 1995 கடைசியில் டெபியன் 1.0 தயாராகிக்கொண்டிருந்தது, முடியவில்லை. அதற்குள் ஒரு குறுந்தகடு நிறுவனம் அந்த அரைவேக்காட்டு அடைவை (கோப்புகள் இருக்கும் தொகுதியை) எடுத்து, ‘டெபியன் 1.0’ என்று அட்டையில் அச்சடித்து விற்பனைக்கு அனுப்பிவிட்டது. அதே எண்ணில் உண்மையான பதிப்பை விட்டால் கையில் இருப்பது எது என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? 1.0 என்ற எண்ணையே கைவிட்டார்கள். இன்றைக்கும் டெபியன் வெளியீட்டு வரிசையில் 1.0 கிடையாது. 1996 ஜூனில் வந்தது 1.1. அதன் பெயர் ‘பஸ்’.

அப்போது திட்டத்தின் தலைவர் புரூஸ் பெரன்ஸ். அவர் வேலை பார்த்த இடம் பிக்ஸார் என்ற அனிமேஷன் பட நிறுவனம். பொம்மைகள் உயிரோடு உலவும் அவர்கள் படம் ‘டாய் ஸ்டோரி’ 1995 நவம்பரில்தான் திரைக்கு வந்திருந்தது. அதனால்தான் பொம்மைகள். பஸ், ரெக்ஸ், போ, ஹாம், ஸ்லிங்க், பொட்டேட்டோ என்று தொடங்கி நேற்றைய ட்ரிக்ஸி வரை ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை.

எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் முதல் சில மாதம் ‘பாப்பா’தான். சான்றிதழில் ஏறும் பெயர் பிறகு வரும். ‘பாப்பா’ என்று ரேஷன் அட்டையில் யாரும் எழுதமாட்டார்கள். அதே மாதிரி ‘பஸ்’ என்று அட்டையில் அச்சடித்து எவரும் கடைக்கு அனுப்பமாட்டார்கள். வேலை முடியாத பொருளில் எண்ணை ஒட்டினால், முடிந்துவிட்டது என்று யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எண் முடிந்ததற்கு, பெயர் முடியாததற்கு. என் கட்சி இது.

ஆகஸ்ட் 11

நேற்று ஒன்று விட்டுப்போனது. பெயருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வளர்ச்சியில் இருக்கும் அடைவை வெளியீட்டு நாளில் ‘நிலையானது’ என்ற இடத்துக்கு நகர்த்தினால், உலகம் முழுவதும் அதன் நகலை வைத்திருக்கும் மிரர் சர்வர்கள் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து இறக்கும். 90களின் இணைய வேகத்தை நினைத்துப் பாருங்கள். அதனால் அடைவுக்குப் பெயர் பொம்மைப் பெயராகவே கடைசி வரை இருக்கும். ‘ஸ்டேபிள்’ என்பது அதைச் சுட்டும் ஒரு அம்புக்குறி மட்டும். வெளியீட்டு நாளில் அம்பு திரும்பும், அடைவு அசையாது. நேற்று முன்தினம் நடந்ததும் அதுதான்: ‘ஸ்டேபிள்’ அம்பு புக்வார்மிலிருந்து ட்ரிக்ஸிக்குத் திரும்பியது.

அப்புறம் சிட். படத்தில் பக்கத்து வீட்டில் பொம்மைகளை உடைக்கும் பையன். எப்போதும் வெளிவராமல் வளர்ச்சியிலேயே இருக்கும் கிளைக்கு அவன் பெயர். மற்ற பெயர்கள் வந்து போகும், சிட் மட்டும் அங்கேயே இருப்பான்.

ஆகஸ்ட் 13

அந்த அம்புக்குறியால் நான் பட்டதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது.

2015 ஏப்ரல். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அலுவலக சர்வரில் டெபியன் 7, ‘வீஸி’. எனக்கு முன் இருந்தவர், மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் மூலப் பட்டியலில் ‘வீஸி’ என்று எழுதாமல் ‘ஸ்டேபிள்’ என்று எழுதி வைத்திருந்தார். நானும் அதை மாற்றவில்லை. அந்த மாதம் 8 வெளிவந்தது, ‘ஜெஸ்ஸி’. திங்கட்கிழமை காலை வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல் என்று நினைத்து முழுக் கட்டளையையும் கொடுத்தேன். பட்டியல் நீளமாக வந்தது. ரொம்ப நாளாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று ‘ஆம்’ தட்டினேன்.

இணையதளங்களை வழங்கும் அப்பாச்சி நிரலின் 2.2 இருந்த இடத்தில் 2.4 வந்து உட்கார்ந்தது. 2.4-இல் தளங்களின் அமைப்புக் கோப்புகள் ‘.கான்ஃப்’ என்று முடிந்தால்தான் படிக்கும். எங்கள் கோப்புகளுக்கு அந்த வால் இல்லை. பதினோரு தளங்களும் போய், எல்லா முகவரியிலும் டெபியனின் வரவேற்புப் பக்கம் மட்டும் தெரிந்தது. மாலை வரை தொலைபேசி ஓயவில்லை. பட்டியலில் ‘வீஸி’ என்ற ஐந்தாறு எழுத்து இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பழைய பெயரிலேயே நின்று, பழைய பதிப்புக்கு வரும் திருத்தங்களை மட்டும் வாங்கியிருக்கும்.

அன்றிலிருந்து என் பொறுப்பில் உள்ள எந்த இயந்திரத்திலும் ‘ஸ்டேபிள்’ என்று எழுதுவதில்லை. பெயரைச் சொல்லித்தான் கேட்பேன். நீங்கள் ‘விளையாட்டு’ என்றதும் எனக்குச் சுருக்கென்றது இதனால்தான்.

ஆகஸ்ட் 13, பின்னிரவு

தம்பி தனி மடலில் கேட்டது: “சரி, பெயர் வேண்டும். வரிசையாவது தெரிய வேண்டாமா?”

இது நியாயமான கேள்வி. இங்கே நான் இறங்கி வருகிறேன். பஸ்டர் 2019, புல்ஸ்ஐ 2021, புக்வார்ம் 2023. அடுத்தடுத்து மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குபவை. நள்ளிரவில் தொலைபேசியில் ஒருவர் “பி-இல் தொடங்குகிற டெபியன்” என்று சொல்லி, நான் புல்ஸ்ஐக்கு வழி சொல்ல, அவர் இயந்திரத்தில் இருந்தது பஸ்டர். ஒரு மணி நேரம் போனது. ட்ரிக்ஸி வெளிவரும் முன்பே 14 ‘ஃபோர்க்கி’, 15 ‘ட்யூக்’ என்று அறிவித்துவிட்டார்கள். அவற்றிலும் வரிசை கிடையாது.

டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு இதைத் தீர்த்தது. முதல் மூன்றும் வார்ட்டி, ஹோரி, ப்ரீஸி என்று முன்பின்னாகப் போயின. 2006-இல் வந்த டாப்பர் டிரேக்கிலிருந்து அகர வரிசை. 2017 ஏப்ரலில் ஸெஸ்ட்டி ஸேபஸோடு இஸட் முடிந்தது, அக்டோபரில் ஆர்ட்ஃபுல் ஆர்ட்வார்க்கோடு மறுபடி ஏ. ஒரு விலங்கு, அதே எழுத்தில் தொடங்கும் ஒரு பண்பு. ஜாமி பழையதா நோபிள் பழையதா என்று யாரும் தடுமாறுவதில்லை.

டாப்பர் என் கட்சிக்கே சாட்சி சொல்லும். உபுண்டுவில் எண் என்பது வருடமும் மாதமும். டாப்பர் 6.04 ஆக வந்திருக்க வேண்டியது. ஆறு வாரம் தள்ளிப்போய் ஜூனில் வந்ததால் 6.06 ஆனது. எண் மாறியது, பெயர் மாறவில்லை. அதில் வேலை செய்தவர்கள் முதல் நாளிலிருந்து டாப்பர் என்றே கூப்பிட்டார்கள், கடைசி நாளும் அதுவே.

அகர வரிசை பிடித்தவர்களுக்கு எழுத்துப் பஞ்சமும் வரும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் தன் நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளுக்குத் தனிமங்களின் பெயரை வைக்கிறது: ஆர்கான், போரான், கார்பன்... 22-ஆம் பதிப்புக்கு ஜே எழுத்து வந்து நின்றது. தனிம அட்டவணையில் எந்தக் குறியீட்டிலும் ஜே கிடையாது. அயோடினுக்கு ஜெர்மன் மொழியில் ‘யோட்’, எழுதும்போது ஜே-யில் தொடங்கும். அதை எடுத்து வைத்தார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. விதியை உடைக்கவில்லை, இன்னொரு மொழியின் கதவைத் தட்டினார்கள்.

ஆகஸ்ட் 17

உபுண்டு என்றதும் நினைவு வந்துவிட்டது, தலைப்புக்கு வெளியே போகிறேன்.

2008-இல் எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இணையம் என்பது பெயருக்குத்தான். 700 எம்பி இறக்க முடியாது. உபுண்டுக்காரர்கள் ஷிப்இட் என்ற ஏற்பாட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். 2011-இல் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வந்தது 8.04, ஹார்டி ஹெரான். தபால்காரர் வெளிநாட்டுத் தபால் என்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நிறுவி முடித்ததும் திரையில் பழுப்பு நிறத்தில் ஒரு பறவையின் கோட்டுருவம் வரும். அம்மா பின்னால் நின்று “இதென்ன கொக்கா?” என்று கேட்டார். அப்பா எட்டிப் பார்த்து, “கொக்கு இல்ல, நாரை. கழுத்தப் பாரு” என்றார். அதற்கப்புறம் வீட்டில் அந்தக் கணினிக்கே நாரை என்று பெயர் வந்துவிட்டது. “நாரைய அணைச்சுட்டு வந்து சாப்பிடு.” 8.04 என்று வந்திருந்தால் என் பெற்றோருக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே பேச்சே இருந்திருக்காது.

முதல் நாள் ‘பெயர் முடியாததற்கு’ என்று எழுதினேன் அல்லவா, அது பாதிதான் சரி. முடிந்த பிறகும், வெளி ஆள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும்.

ஆகஸ்ட் 24

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே பெயர் வைப்பதே ஒரு திருவிழாவாக இருந்தது, பிறகு திருவிழாவையே நிறுத்திவிட்டார்கள்.

விதி இதுதான்: புதிய பெயருக்கும் பழைய பெயருக்கும் ‘இரண்டும் இன்ன வகை’ என்று சொல்லக்கூடிய ஒரு கண்ணி வேண்டும். ஒரு முறை சொன்ன வகையைத் திருப்பிச் சொல்லக்கூடாது. அந்தாதி மாதிரி. பங்களிப்பாளர்கள் பெயர்களை முன்மொழிவார்கள், வணிகச் சின்னச் சிக்கல் உண்டா என்று சட்டக்காரர்கள் பார்ப்பார்கள், மிச்சமிருப்பதில் வாக்கெடுப்பு.

வாக்கெடுப்பில் வேடிக்கையான பெயர்தான் ஜெயிக்கும். 2012-இல் 17-ஆம் பதிப்புக்கு ‘பீஃபி மிராக்கிள்’ என்று வந்தது. சின்னம், சிரிக்கும் ஒரு ஹாட்டாக். அந்த வருடம் ஒரு கல்லூரியில் நிறுவல் விழா நடத்தினோம். பொறுப்பாசிரியர் பேனரைப் பார்த்துவிட்டு, மாட்டிறைச்சிப் பெயர் வேண்டாம், ஃபெடோரா 17 என்று மட்டும் போடுங்கள் என்றார். நான் வாதாடினேன். எனக்கு மாட்டிறைச்சியில் ஒரு சங்கடமும் இல்லை, என் நண்பர்கள் பாதிப் பேர் சாப்பிடுவார்கள். ஆனால் விழா நடக்க வேண்டுமே. பேனரை மாற்றினோம்.

18 ‘ஸ்ஃபெரிக்கல் கவ்’, கோள வடிவப் பசு. இயற்பியல்காரர்களின் பழைய நகைச்சுவை. அதிலிருந்து கண்ணி பிடித்து 2013 ஜூலையில் வந்த 19, ‘ஷ்ரோடிங்கரின் பூனை’. இங்கேதான் எனக்கு விஷயம். அந்தப் பெயரில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு எழுத்து, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ. கூடவே ஒரு மேற்கோள்குறி. பெயர் ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பில் உட்காரும், பல நிரல்கள் அதை எடுத்துப் படிக்கும். சில நிரல்கள் அந்த எழுத்தில் தடுக்கி விழுந்தன, சில அந்த மேற்கோள்குறியில். வழு (நிரல் பிழை) அறிக்கைகள் வந்தன.

அப்போது பலர் ‘ஏன் இப்படிப் பெயர் வைத்தீர்கள்’ என்று கோபப்பட்டார்கள். எனக்கு எதிர்த்திசையில்தான் கோபம். இரண்டு புள்ளி வைத்த ஒரே ஒரு ஓ-வைத் தாங்காத நிரல், தமிழில் ஒரு சொல்லை எப்படித் தாங்கும்? அந்தப் பூனை நல்ல சோதனை. மறைந்திருந்த வழுக்களை வெளியே கொண்டுவந்தது.

20 ‘ஹைசன்பக்’. அதோடு பெயர்கள் நின்றன.

ஆகஸ்ட் 25

முழுவதும் நிற்கவில்லை. 21-இலிருந்து பெயர் இருந்த இடத்தில், அடைப்புக்குறிக்குள் ‘இருபத்தொன்று’ என்று ஆங்கிலச் சொல்லில் எழுதினார்கள். பிறகு வந்த பதிப்புகளிலும் பெரும்பாலும் அப்படித்தான், எண்ணுக்குப் பக்கத்தில் எண்ணின் சொல். பெயர் போன பிறகும் அதன் நாற்காலியை எடுக்க முடியவில்லை.

செப்டம்பர் 2

ஆண்ட்ராய்டைத் திறமூலம் என்று இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். நிரல் திறந்திருக்கிறது, பெயர் வைக்கும் உரிமை திறக்கவில்லை. அதனால்தான் சேர்க்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க.

2015 டிசம்பரில் டெல்லியில் ஒரு கல்லூரியில் சுந்தர் பிச்சையிடம், இந்திய இனிப்பின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று மாணவர்கள் கேட்டார்கள். அம்மாவிடம் யோசனை கேட்கிறேன், இணையத்தில் வாக்கெடுப்பும் வைக்கலாம் என்ற மாதிரி பதில் சொன்னார். அடுத்த ஆண்டு ஆங்கில ‘என்’ (N) எழுத்தில் தொடங்கும் பெயர் சொல்லலாம் என்று எல்லோரிடமும் கேட்டார்கள். கேரளத்துக்காரர்கள் ‘நெய்யப்பம்’ என்று கிளம்பிவிட்டார்கள். நம் வீடுகளிலும் கார்த்திகைக்குச் சுடுவதுதானே, நானும் அதையே எழுதி அனுப்பினேன். கடைசியில் வந்தது நூகட்.

2019-இல் இனிப்புப் பெயரையே பொதுவெளியில் கைவிட்டார்கள். காரணங்களைக் கவனியுங்கள்: சில மொழிகளில் எல் ஒலிக்கும் ஆர் ஒலிக்கும் வேறுபாடு தெரியாது, பை என்பது சில நாடுகளில் இனிப்பே அல்ல, மார்ஷ்மெல்லோ பல இடங்களில் அவ்வளவாகப் பிரபலமில்லை. பத்து வருடம் கழித்து வந்த ஞானம் என்றாலும் சரியான ஞானம்.

நம் எழுத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மேலே டெபியன் 1.1-ஐ ‘பஸ்’ என்று எழுதினேன். படத்தில் வரும் விண்வெளி வீரன் பஸ். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போவதும் பஸ். நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. படித்தவர்களில் எத்தனை பேர் டெபியன் ஏன் பேருந்துப் பெயர் வைத்தது என்று நினைத்தீர்களோ.

செப்டம்பர் 3

திருத்தம். ஆண்ட்ராய்டு உள்ளே இனிப்பை விடவில்லை. 10 குவின்ஸ் டார்ட், 11 ரெட் வெல்வெட் கேக், 13 டிராமிசு, 15 வெனிலா ஐஸ்கிரீம். 16 ‘பக்லாவா’, அதில் அகர வரிசையும் உடைந்தது. வெளியே எண், உள்ளே பெயர். வேலை செய்கிறவர்களால் பெயரை விட முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

செப்டம்பர் 7

இரண்டு பேர் இதைக் கேட்டார்கள்: “தமிழ்ப் பெயர் ஒன்றாவது உண்டா?”

பாஸ் லினக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியனை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது. அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இதுவும் இருந்தது. என் அக்கா மகள் முதன்முதலில் பார்த்த லினக்ஸ் அதுதான். அதன் பெயர்கள்: தரங், அனந்த், தேஜஸ், சவீர், அனோகா, அனூப். சென்னையில் செய்தது, தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் இருந்தது, பெயர் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. எனக்கு இது வலிக்கிறது. ‘தரங்’ அலை என்றால் அலை என்றே வைத்திருக்கலாமே. இரண்டே எழுத்து, யாருக்கும் வாயில் நுழையும்.

செப்டம்பர் 8

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். வலி உண்மை. ஆனால் எல்லா மாநிலத்துக்கும் போகிற பொருள் அது, பல மொழிக்காரர்களும் கேட்டிருக்கக்கூடிய சொற்களைத் தேடியிருப்பார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இந்த ஒரு மாதம் பெயர்களைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: பெயர் வேலை நடக்கும் இடத்திலிருந்து வருகிறது. லினக்ஸின் திரைமுகப்புகளில் ஒன்றான க்னோம் தன் பதிப்புகளுக்கு மாநாடு நடந்த ஊர்ப் பெயரை வைக்கிறது, நடத்திய தன்னார்வலர்களுக்கு நன்றியாக. 3.20 டெல்லி, 46 காட்மாண்டு, இந்த மார்ச்சில் வந்த 48 பெங்களூரு. ஓபன்ஸ்டாக் என்ற மேகக்கணிமை மென்பொருளில் டோக்கியோ மாநாட்டை ஒட்டி ‘மிட்டாகா’ வந்தது. டென்வரில் கூடியவர்களை விடுதிக்குப் பக்கத்து ரயில்கள் ஹாரன் அடித்தே படுத்தி எடுத்ததால் ஒரு பதிப்புக்கு ‘டிரெயின்’ என்றே பெயர். இவர்களிடம் போய் யாரும் மனுக் கொடுக்கவில்லை. அங்கே உட்கார்ந்து வேலை செய்தார்கள், அந்த இடம் பெயரில் ஒட்டிக்கொண்டது. ஆகவே தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் கோரிக்கைப் பட்டியல் உதவாது. வழு திருத்தும் இடத்தில் நாம் இருக்க வேண்டும்.

தற்செயலாகவும் சில வரும். லினக்ஸ் மின்ட்டில் பெண்களின் பெயர், பெரும்பாலும் ‘ஆ’ ஒலியில் முடியும். 13 மாயா, 19 தாரா, 20.2 உமா. 2021-இல் என் உமா சித்தியின் பழைய மடிக்கணினிக்கு 20.2 போட்டுக் கொடுத்தேன். தன் பெயரில் ஒரு கணினி இருக்கிறது என்று தெருவுக்கே காட்டினார். இன்னும் மேம்படுத்த விடமாட்டேன் என்கிறார். ஆதரவுக் காலம் ஏப்ரலோடு முடிந்துவிட்டது சித்தி என்று நான்கு முறை சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 20

சொன்னதைச் செய்து பார்க்கிறோம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு கருவி வைத்திருக்கிறோம். பாமினி, டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும். இதுவரை எண் மட்டும்தான். அடுத்த பதிப்பிலிருந்து பெயர் என்று முடிவானது.

ஆறு, மலை, பறவை எல்லாம் வந்தன. நான் சொன்னது நெல். மன்னார்குடிச் சித்தப்பாவிடம் கேட்டால், ஒவ்வொரு நெல்லுக்கும் எத்தனை நாள் என்று விரல் மடக்கிச் சொல்வார். அறுபதாம் குறுவை, பெயரிலேயே அறுபது நாள். காட்டுயானம் நூற்றெண்பது. சீக்கிரம் விடும் சிறு பதிப்புக்குக் குறுவை, நீண்ட கால ஆதரவுக்குக் காட்டுயானம். காலத்தையே பெயரில் வைத்திருக்கும் மொழி நம்மிடம் இருக்கிறது, நாம் ஏன் விலங்குகளுக்குப் பின்னால் ஓட வேண்டும்?

வாக்கெடுப்பு வைக்கவில்லை. பீஃபி மிராக்கிள் நினைவிருக்கிறது. அந்தப் பதிப்பில் அதிக வழுக்களை மூடியவர் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம், விதிக்குள்.

செப்டம்பர் 28

முதல் சண்டை. ஒருவர் ‘குழியடிச்சான்’ என்ற நெல்லின் பெயரில் கிளை (நிரலில் தனியாக வேலை நடக்கும் நகல்) தொடங்கினார், ஆங்கில எழுத்தில். ழ-வுக்கு இஸட்-ஹெச் போட்டார். இன்னொருவர் அதே பெயரில் எல் போட்டு வேறு கிளை தொடங்கிவிட்டார். இரண்டிலும் இரண்டு நாள் வேலை நடந்தது. கட்டும் நிரல் ஒன்றை எடுத்தது, மற்றதை விட்டது. பிறகு கையால் ஒட்டினோம்.

தமிழ் எழுத்திலேயே கிளைப் பெயர் வைத்துப் பார்த்தோம், நிரல் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஜிப் கோப்பை ஒருவர் பழைய விண்டோஸில் பிரித்தபோது பெயர் முழுக்கக் கிறுக்கலாக வந்தது. நம் பயனர்களில் பலர் அந்தப் பழைய இயந்திரங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் அந்தப் பழைய கோப்புகளும் இருக்கின்றன.

முடிவு: கோப்புக்கும் கிளைக்கும் எண். பெயர் தமிழ் எழுத்தில் மட்டும், வெளியீட்டுக் குறிப்பிலும் கருவியின் முகப்பிலும். ஆங்கில எழுத்தில் எங்கேயும் எழுதுவதில்லை. ஆகஸ்ட் 10-இல் ‘எண்ணே போதும்’ என்றவருக்குப் பாதி வெற்றி, எழுதிக்கொள்ளுங்கள் தம்பி.

செப்டம்பர் 29

மீதிப் பாதியையும் அவர் வாங்கிவிட்டார். நாள் கணக்கில் பெயர் வைத்தால் வரிசை தெரியாது, டெபியன் செய்த அதே தப்பு என்று எழுதியிருக்கிறார். சரிதான். அகர வரிசைக்கு மாறுகிறோம், நம் அகர வரிசை. சித்தப்பா தொலைபேசியிலேயே அடுக்கினார்: அறுபதாம் குறுவை, ஆனைக்கொம்பன், இலுப்பைப்பூச் சம்பா, ஈர்க்குச் சம்பா, உவர்முண்டான். குழியடிச்சானுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அக்டோபர் 10

உபுண்டு 25.10 நேற்று வந்தது, குவெஸ்டிங் குவாக்கா. குவாக்கா ஆஸ்திரேலியாவில் வாழும் சிறிய விலங்கு, சிரித்த முகம். அம்மாவிடம் படத்தைக் காட்டினேன், “எலியா, கங்காருவா?” என்றார். இந்த முறை அப்பாவுக்கும் தெரியவில்லை.

எங்கள் கருவியின் ‘அறுபதாம் குறுவை’யும் நேற்று இரவு வெளியானது. தொடங்கி அறுபது நாள் ஆகவில்லை, இருபதுதான். பாமினியில் ‘ஸ்ரீ’ உடைந்து வரும் வழு இதில் தீர்ந்தது. டிஸ்கியில் இன்னும் இரண்டு மிச்சம், அவை ஆனைக்கொம்பனில்.

ஊகாரத்தில் தொடங்கும் நெல் சித்தப்பாவுக்கே தெரியவில்லை. ஐந்து பதிப்பு தள்ளித்தான் வரும், அவசரம் இல்லை. யார் ஊரிலாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். நாள் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.